என்-4 தேறியாச்சு, ஆனால் வாய் வரவில்லை: ஜப்பானிய மொழியில் பேசப் பழகுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்-4 நிலை தேறிவிட்டீர்கள் (என்-5 எளிது, என்-1 கடினம்). போன வாரம் ஒரு ஜப்பானியரோடு வீடியோ அழைப்பில் கால் மணி நேரம் பேச வாய்ப்புக் கிடைத்தது. அவர் 'விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். அதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் பத்து விநாடி விழித்துவிட்டு, 'ஹை' (ஆமாம்) என்று மட்டும் சொல்லிச் சமாளித்தீர்கள். என்-3 இலக்கணத்தை முடித்துவிட்டுப் பேச்சுக்கு வருவதா, இப்போதே இறங்குவதா, இறங்கினால் எதிலிருந்து தொடங்குவது, எத்தனை மாதம் ஆகும் என்பது உங்கள் கேள்வி. அதற்குள்ளேயே 'இவ்வளவு படித்தும் வரவில்லையே, கோளாறு என்னிடம்தானா?' என்ற கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. 1984-இல் தொடங்கியபோதும் இல்லை, 2010-இல் நான்கு நிலைகளை ஐந்தாக்கி மாற்றி அமைத்தபோதும் சேர்க்கவில்லை. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். நீங்கள் பழகியது அடையாளம் காண்பதற்கு. எடுத்து நீட்டுவதற்கு இன்னும் பழகவில்லை. என்-1 தேறியும் தொலைபேசி அடித்தால் பக்கத்து மேசைக்காரரைப் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் சில வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். அதன் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாகத் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவர்கள் எல்லாரும் பெரியவர்கள், பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். கீழே சொல்வதெல்லாம் அவர்களிடம் பார்த்தது. சிறு பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொன்று, ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அதில் ஒலி முழுதாக வராது. ஏன் வராது என்பதே ஒரு பாடம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போதே தொடங்குங்கள். ஆனால் பேசுவதிலிருந்து தொடங்காதீர்கள், கேட்கிறவராகத் தொடங்குங்கள். ஜப்பானிய உரையாடலில் கேட்கிறவர் சும்மா இருப்பதில்லை. எதிராளி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு மூன்று தடவை 'ஹை', 'ஏ', 'ஸோ தெஸ் கா', 'நருஹொதொ' (ஓ, புரிகிறது) என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். இதற்கு அய்ஸுச்சி என்று பெயர். கொல்லர் பட்டறையில் குருவும் சீடனும் ஒரே இரும்பை மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பதிலிருந்து வந்த சொல். நம் ஊர்ப் பேச்சில் கதை கேட்கிறவர் 'உம்' கொட்டுகிறார் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். இரண்டு மொழியிலும் 'கொட்டுவது' என்ற எண்ணம் வந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். சிக்கல் என்னவென்றால், கதைக்கு உம் கொட்டுகிற நாம், பெரியவர் பேசினாலோ அலுவலக விஷயம் என்றாலோ மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வோம். நான் போன புதிதில் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினார். நான் பணிவாக மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே நிமிடத்தில் மூன்று தடவை அவர் 'மொஷிமொஷி?' என்றார், அதாவது 'ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?' என் மரியாதை அவருக்குப் பழுதான தொலைபேசியாகக் கேட்டிருக்கிறது.

ஆகவே முதல் மூன்று, நான்கு வாரம் உங்கள் வேலை உம் கொட்டுவது மட்டும்தான். ஒரு வானொலி நிகழ்ச்சியோ இரண்டு பேர் பேசும் ஒலிப்பதிவோ எடுத்துக்கொண்டு, ஒருவர் பேசும்போது இடைவெளி விழும் இடத்திலெல்லாம் சத்தமாக அய்ஸுச்சி போடுங்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் 'நே' (இல்லையா), 'கெதொ' (ஆனால்), 'கரா' (அதனால்) போன்ற சொற்களுக்குப் பின்னால் விழும். அர்த்தம் பாதிதான் புரிந்தாலும் பரவாயில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். 'ஸோ தெஸ் கா' என்பதைக் குரலை இறக்கிச் சொன்னால் 'ஓ, அப்படியா, சரி' என்று பொருள். ஏற்றிச் சொன்னால் 'அப்படியா? நிஜமாவா?' என்று சந்தேகப்படுவது போலாகும். தமிழ் 'அப்படியா'வும் இதே வித்தைதான் செய்கிறது, அதனால் உங்களுக்கு எளிதில் பிடிபடும். அடுத்தது, கேட்கிறவர் சொல்லும் 'ஹை' சம்மதம் ஆகிவிடாது. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்ற அளவில்தான் அது. 'ஹை, ஹை என்று தலையாட்டினாரே, ஒப்புக்கொண்டார் என்று நினைத்தோம்' என்று கூட்டம் முடிந்த பிறகு புலம்பியவர்களுக்கு இதை விளக்குவது என் பழைய வேலையில் ஒரு பகுதியாகவே இருந்தது.

உம் கொட்டுவதோடு சேர்ந்து வர வேண்டியது, புரியாதபோது பேச்சு அறுந்து போகாமல் பிடித்து வைத்துக்கொள்வது. 'மோ இச்சிதொ ஒநெகாய் ஷிமஸ்', அதாவது 'இன்னொரு தடவை சொல்லுங்கள்', எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர் முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார், நீங்களும் அதே இடத்தில் திரும்ப விழுவீர்கள். புரியாத சொல்லை மட்டும் பிடித்து, அதன் பின்னால் 'த்தெ நன் தெஸ் கா' என்று ஒட்டுங்கள். 'அதுன்னா என்ன?' என்று நாம் கேட்பது போலத்தான். அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் எளிமையாக்கிச் சொல்வார். புரிந்த சொல்லாக இருந்தாலும் திருப்பிச் சொல்லலாம். 'நேற்று ஒன்ஸெனுக்குப் போனேன்' என்றால் நீங்கள் 'ஒன்ஸென் தெஸ் கா' என்று வியப்போடு சொன்னால் போதும். அவரே அந்த வெந்நீர் ஊற்றைப் பற்றி அடுத்த மூன்று வாக்கியம் பேசிவிடுவார். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் மௌனத்துக்குப் பதில் 'ஏத்தொ', 'அனோ' என்று இழுங்கள். உங்களைப் போன வாரம் மாட்டிவிட்ட அந்தப் பத்து விநாடியில் நடுவே ஒரே ஒரு 'ஸோ தெஸ் நே...' இருந்திருந்தால், யோசித்துப் பதில் சொல்கிற ஆளாகத் தெரிந்திருப்பீர்கள்.

அடுத்த கட்டத்தில்தான் உங்கள் சொந்த வாக்கியம் வருகிறது. என் மாணவர்களிடம் நான் வைத்திருக்கும் கணக்கு இது: எந்தக் கேள்விக்கும் பதில், அதோடு ஒரு விவரம், பிறகு கேள்வியை அவர் பக்கம் திருப்புவது. உங்களிடம் கேட்ட அதே கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'யஸுமி நொ ஹி வ நனி ஒ ஷிமஸ் கா?' என்கிறார். 'ஹொன் ஒ யொமிமஸ்', புத்தகம் படிப்பேன். இங்கேயே நிறுத்தினால் பந்து தரையில் விழுந்துவிடும், அவர் இன்னொரு கேள்வி தேட வேண்டும். 'ஸாய்கின் வ ரெகிஷி நொ ஹொன் தெஸ்', சமீபமாக வரலாற்றுப் புத்தகங்கள். இது அவர் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. 'தனகா-ஸன் வ?', நீங்கள்? அவ்வளவுதான். மூன்று வாக்கியத்தில் என்-5 இலக்கணத்தைத் தாண்டவில்லை. கடைசி வாக்கியத்தில் 'அனத' என்று 'நீங்கள்' போடாமல் பெயரோடு மரியாதைக்கான 'ஸன்' சேர்த்ததைக் கவனித்திருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் 'அனத' இருந்தாலும், பெயர் தெரிந்த ஒருவரை நேரில் அப்படி அழைப்பது காதுக்கு உறுத்தும். 'வதஷி வ' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்குவதும் அப்படித்தான். தமிழில் 'நேத்து போனேன், வாங்கினேன், வந்துட்டேன்' என்று 'நான்' இல்லாமலே பேசுகிறோமே, அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகலாம்.

இது என்னை நான் அடிக்கடி சண்டை போடும் விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. நம்மில் பெரும்பாலோர் ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். புத்தகம் ஆங்கிலத்தில், செயலி ஆங்கிலத்தில். அதனால் பேசும்போது தமிழில் தோன்றியதை ஆங்கிலமாக்கி, அதைத் தலைகீழாகத் திருப்பி ஜப்பானியமாக்குகிறோம். வாய் தாமதமாவதில் ஆச்சரியம் என்ன? ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். 'கினோ கத்த ஹொன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. வரிசை மாறவே இல்லை. 'தபெதெ மிமஸ்', சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'மிமஸ்' என்றால் உண்மையிலேயே 'பார்க்கிறேன்' என்றுதான் பொருள். இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவை, நமக்கு அது சமையலறைப் பேச்சு. 'கய்தெ ஒகு' என்றால் எழுதி வைப்பது. 'வஸுரெதெ ஷிமய்மஷித' என்றால் மறந்துவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தெ கிமஸ்' அப்படியே 'போய் வருகிறேன்'. உள்ளே இருப்பவர் சொல்லும் 'இத்தெ ரஷ்ஷாய்', 'போய்ட்டு வாங்க'. கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்ற நான்கும் இது, உது, அது, எது போல நிற்பதை, 'உது' இன்னும் வழக்கில் உள்ள இலங்கைத் தமிழர்கள் முதல் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே வினையெச்சத்தோடு துணைவினை சேரும் இந்த வாக்கியங்களைத் தமிழோடு ஜோடி சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, தமிழைப் பார்த்து ஜப்பானியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வேகம் கூடுவது சில நாளிலேயே தெரியும்.

இந்த ஒற்றுமையை வைத்து 'ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்ததாமே?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியலாளர் அப்படி ஒரு தொடர்பை வாதிட்டது உண்மை. ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. கட்டமைப்பு ஒத்திருப்பதற்குச் சொந்தம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. துருக்கியும் கொரிய மொழியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. பேசப் பழகுகிறவருக்கு இந்த வழக்கில் தீர்ப்புத் தேவையில்லை, ஒற்றுமையை மட்டும் பயன்படுத்திக்கொண்டால் சரி.

ஒலியில் தமிழ் பாதி உதவும், பாதி கவிழ்க்கும். நெடில் குறில் நமக்குப் பிறப்பிலேயே உண்டு. அத்தை அல்லது சித்தியைக் குறிக்கும் 'ஒபஸன்' எங்கே, பாட்டியைக் குறிக்கும் 'ஒபாஸன்' எங்கே என்று குழம்ப மாட்டோம். இரட்டை ஒற்றும் பழக்கம்தான். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் வல்லினம் மென்மையாகிவிடும்: 'பதி' என்பதில் வரும் 'தி'யைச் சொல்லிப் பாருங்கள். அதை வன்மையாக்க வேண்டுமென்றால் 'பத்தி' என்று இரட்டிக்க வேண்டும். ஜப்பானிய மொழியிலோ நடுவில் ஒற்றையாகவே, வன்மையாகவும் வரும். 'வாருங்கள்' என்பதற்கு 'கிதெ குதஸாய்'. இதில் 'தெ' மென்மையாகக் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. மென்மையாகாமல் இருக்கட்டும் என்று நாம் அழுத்திச் சொன்னால் 'கித்தெ குதஸாய்' ஆகிவிடும், அதற்கு 'வெட்டுங்கள்' என்று பொருள். முதல் எழுத்தை நீட்டினால் 'கீதெ குதஸாய்', கேளுங்கள். இந்த மூன்றையும் தினமும் இரண்டு நிமிடம் உங்கள் குரலில் பதிவு செய்து, ஜப்பானியர் சொன்ன பதிவோடு வைத்துக் கேளுங்கள். கணவரைக் குறிக்கும் 'ஒத்தொ', ஓசையைக் குறிக்கும் இரட்டிக்காத 'ஒதொ' இரண்டும் அதே வகை. தமிழ் எழுத்தில் குறிப்பு எடுப்பதை இரண்டாம் வாரத்தோடு நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். நடுவில் வரும் ஒற்றைத் 'த' வன்மையா மென்மையா என்று காட்ட நம் எழுத்தில் வழியில்லை. ஹிராகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்து வரிசையின் 46 எழுத்தும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே.

குரல் ஏற்ற இறக்கம் பற்றி நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 'ஹஷி' என்பதில் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். இது டோக்கியோ வழக்கு. ஒஸாகா, கியோத்தோ பக்கம் போனால் ஏற்ற இறக்கமே வேறு. பேச்சில் சூழல் இருப்பதால் இதனால் குழப்பம் வருவது அரிது, ஆகவே தொடக்கத்தில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுக்க வேண்டும், பிறகு திருத்துவது கஷ்டம் என்று சொல்லும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் நடுவழியாக ஷேடோயிங்கைப் பிடித்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுகிறவரின் நிழல் போல ஓரிரு அசை பின்னால் நாமும் சொல்லிக்கொண்டே போவது. மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் பழைய முறை இது. முப்பது விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் எழுத்தைப் பார்த்து அர்த்தம் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு எழுத்தை மூடிவிட்டு அதே முப்பது விநாடியை ஒரு வாரம் சொல்லுங்கள். 'தெஸு' என்று எழுதியது 'தெஸ்' என்று ஒலிப்பதும், 'ஷித' என்பது 'ஷ்த' ஆவதும் விளக்கமில்லாமலே நாக்கில் ஏறும்.

மூன்று வாக்கியம் தடங்கலின்றி வர ஆரம்பித்ததும், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 4-3-2 என்று ஆசிரியர்களிடையே பழக்கமான ஒரு முறை உண்டு: ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, அதற்கடுத்தவரிடம் இரண்டு. என்-4 அளவில் நான்கு நிமிடம் மலை மாதிரி தெரியும். 2 நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். ஆள் இல்லையென்றால் கைபேசிப் பதிவுக்கே சொல்லலாம். புதுப் புதுத் தலைப்பாகத் தாவுகிறவர்களைவிட, நான்கைந்து கதையை நன்றாகத் தேய்த்தவர்கள்தான் என் வகுப்பில் சீக்கிரம் பேச வந்தார்கள். வேலை, ஊர், ஏன் ஜப்பானிய மொழி படிக்கிறீர்கள், பொழுதுபோக்கு, சமீபத்தில் நடந்த ஒன்று, இவற்றை வைத்துப் புதியவரோடு முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிடலாம். அவர்கள் கேட்பதும் இதையேதான்.

யாரோடு பேசுவது? தொடக்கத்தில் காசு கொடுத்துப் பேசும் ஆசிரியர் நல்லது. உங்கள் வேகத்துக்குக் காத்திருப்பது அவர் தொழில். மொழிப் பரிமாற்ற நண்பர் என்றால் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், பாதி நேரம் ஜப்பானியம், பாதி நேரம் அவர் கற்கும் மொழி. இல்லாவிட்டால் யாருக்கு எந்த மொழி நன்றாக வருகிறதோ அதிலேயே எல்லாம் முடிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு ஒத்திகை பார்க்கலாம், ஆனால் அவை உங்கள் மௌனத்துக்குச் சங்கடப்படாது, அதனால் ஆளோடு பேசும் நெருக்கடி அங்கே பழகாது. ஜப்பானிலேயே இருப்பவர் என்றால் பல நகரங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வட்டார ஜப்பானிய வகுப்புகள் உண்டு, நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். கொன்பினி என்கிற சிறு கடைகளும் நல்ல பள்ளிக்கூடம்தான், ஏனென்றால் அங்கே கேள்விகள் மாறுவதில்லை: பை வேண்டுமா, சூடாக்கவா, பாயின்ட் அட்டை இருக்கிறதா. 2020 ஜூலையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவது கட்டாயமானதிலிருந்து பைக் கேள்வி தப்பாமல் வரும். வேண்டாமென்றால் 'தைஜோபு தெஸ்'. அகராதியைப் பார்த்தால் 'பரவாயில்லை' என்றிருக்கும், வேண்டுமென்கிறாரா வேண்டாமென்கிறாரா என்று குழப்பமாக இருக்கும். 'பை வேணுமா?' 'பரவாயில்லைங்க' என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் தீர்ந்தது. நழுவி மறுப்பதும் அப்படியே. 'நாளைக்கு வர முடியுமா?' என்றால் 'அஷித வ சொத்தொ...' என்று நிறுத்திவிடுவார்கள். 'நாளைக்குக் கொஞ்சம்...' என்று நாம் இழுப்பது போலவே. மீதியைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

வாக்கியம் 'தெஸ்', 'மஸ்' என்று முடியும் மரியாதை நடையிலேயே ஆறு மாதமாவது இருங்கள். நாடகங்களில் கேட்ட நட்பு நடை நன்றாக வருகிறதே என்று அதை மேலதிகாரியிடம் அவிழ்த்தவர்களின் கதை எனக்கு நிறையத் தெரியும். எதிராளி நட்பு நடைக்கு மாறினாலும் நீங்கள் உடனே மாற வேண்டியதில்லை. உயர்வழக்கைப் பேசப் பழக இது நேரமில்லை, கேட்டால் புரிந்தால் போதும்.

எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஏறக்குறைய 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது. அது அலுவல் வேலைக்குத் தேவையான முழுத் திறமைக்கான கணக்கு. வாக்கிய அமைப்பில் நமக்குச் சுமை குறைவு, காஞ்சி என்ற சீன எழுத்துகளில், பொதுவழக்கில் உள்ள 2136-இலும் நமக்கும் அதே சுமை. ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மாணவர்களில் வாரம் இரண்டு அழைப்பும் தினம் இருபது நிமிடமும் விடாமல் செய்தவர்கள், நான்கைந்து மாதத்தில் அரை மணி நேரப் பேச்சை மூச்சு வாங்காமல் நடத்தினார்கள். அதற்கு அதிகமாக எடுத்தவர்களும் உண்டு, விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

அடுத்த அழைப்புக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அவரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள்: பேசி முடித்த பிறகு ஒரே ஒரு தவறை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் திருத்த ஆரம்பித்தால் நீங்கள் மறுபடி ஊமையாகிவிடுவீர்கள். அப்புறம், போன வாரம் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள் என்று. இந்தத் தடவை 'ஏத்தொ...' என்று இழுத்துவிட்டு உங்கள் மூன்று வாக்கியத்தைச் சொல்லி, அவர் பெயரோடு 'ஸன் வ?' என்று திருப்பிக் கேளுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் உம் கொட்டுங்கள்.